கப்பம், கடன், காளையார்கோவில்

(கூட்டமைப்பின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

கூட்டமைப்புத் தலைவி, செயலாளர், பொருளாளர் அவர்களே, காலையிலேயே எழுந்து சோறாக்கி வைத்துவிட்டு, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு, ரெண்டு பஸ் மாறி வந்திருக்கிற ஊக்குநர்களே, பிரதிநிதிகளே, உறுப்பினர் அக்கா தங்கச்சிமார்களே, உங்க எல்லாருக்கும் என் அன்பு.

முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் வரலாறு சொல்லிக் கொடுத்தவள் நான். என்னைக் கூப்பிட்டபோது செயலாளர் ஒரு நிபந்தனை போட்டாங்க. "டீச்சர், அடுத்த மாசம் நாம சிவகங்கை, காளையார்கோவில் பக்கம் சுற்றுலா போறோம். அங்க என்ன நடந்துச்சுன்னு சொல்லுங்க. ஆனா வீரமங்கை, வீரத்தாய்னு அடுக்கிட்டு உக்காந்துடாதீங்க, அது போஸ்டர்லயே இருக்கு" என்றார்கள். ரொம்ப நியாயம். அதனால எல்லாரும் வாளில் இருந்து தொடங்குகிற இந்தக் கதையை நான் வட்டியில் இருந்து தொடங்கப் போறேன்.

ஆற்காட்டில் முகமது அலி என்று ஒரு நவாப் இருந்தார். அவருக்கும் இன்னொருத்தருக்கும் பதவிச் சண்டை வந்தபோது கிழக்கிந்திய கம்பெனி இவர் பக்கம் நின்று படை கொடுத்தது. படை சும்மா வருமா? அந்தப் போர்ச் செலவு முழுக்க நவாப் பேரில் கணக்கு எழுதப்பட்டது. அதைக் கட்டப் பணம் இல்லை. சரி, கடன் வாங்கினார். யாரிடம்? அதே கம்பெனியின் அதிகாரிகள், வியாபாரிகளிடம், அவங்க சொந்தப் பணத்தை, கொடும் வட்டிக்கு. ஈடாக என்ன கொடுத்தார் தெரியுமா? சீமைகளின் நிலவரி வசூலை. விவசாயி இன்னும் அறுக்காத நெல்லை, நவாப் அடமானம் வைத்துவிட்டார். அந்தக் கடனை அடைக்க இன்னொரு கடன். இந்தக் கடன் விவகாரம் எவ்வளவு நாறிப் போனதென்றால், 1785இல் இங்கிலாந்துப் பாராளுமன்றத்திலேயே எட்மண்ட் பர்க் என்பவர் ஆற்காட்டு நவாப்பின் கடன்களைப் பற்றி எழுந்து நின்று பேசினார்.

தவணை கட்ட தவணை வாங்கின கதை நமக்குப் புதுசு இல்ல. நம்ம ஊர்ல அப்படி மாட்டின வீட்டில் என்ன நடக்கும்? மேலே இருக்கிறவன் நெருக்கினால் கீழே இருக்கிறவனை நாம நெருக்குவோம். நவாப்பும் அதைத்தான் செய்தார். தெற்கே இருந்த பாளையக்காரர்கள், இராமநாதபுரம் சேதுபதி, சிவகங்கைச் சீமை, எல்லாரையும் கப்பம் கட்டச் சொல்லி நெருக்கினார். கட்டாதவர்கள் மேல் கம்பெனிப் படையோடு வந்தார். அந்தப் படைச் செலவு மறுபடி கடன் கணக்கில் ஏறியது. இது புரிந்தால்தான் மற்றது புரியும்.

சிவகங்கை தனிச் சீமை ஆனது 1730 வாக்கில். அதற்கு முன் இராமநாதபுரத்தோடு சேர்ந்திருந்தது. ரெண்டும் சம்பந்தம் பண்ணிக்கொண்ட குடும்பங்கள். வேலுநாச்சியார் இராமநாதபுரத்து அரண்மனைப் பொண்ணு, செல்லமுத்து சேதுபதியின் மகள். வாக்கப்பட்டது சிவகங்கைக்கு, முத்துவடுகநாதருக்கு. 1772இல் என்ன நடந்ததென்றால், ஜூன் மாதத் தொடக்கத்தில் கம்பெனிப் படையும் நவாப் படையும் சேர்ந்து முதலில் இராமநாதபுரம் கோட்டையை உடைத்தன. அங்கே சேதுபதி சின்னப் பையன். அவனுக்காக அம்மா முத்துத்திருவாயி நாச்சியார்தான் ஆட்சியை நடத்திக்கொண்டிருந்தார். தாயையும் பிள்ளையையும் பிடித்துத் திருச்சிராப்பள்ளியில் சிறை வைத்தார்கள்.

இந்தம்மா பேரை இங்கே எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கீங்க? கை தூக்குங்க பார்ப்போம். மூணு பேர். பரவாயில்லை, போன ஊர்ல ஒரு கைகூடத் தூக்கல.

பக்கத்து வீட்டில் தீப்பிடித்தால் அடுத்தது நம்ம கூரைதான். மூணே வாரத்தில் சிவகங்கை. படை ரெண்டாகப் பிரிந்து வந்தது. கிழக்கே இருந்து ஜோசப் சுமித், மேற்கே இருந்து பான்ஜோர். நவாப்பின் மகன் உம்தத் உல் உமராவும் இந்தப் படையெடுப்பில் இருந்தார். இந்தப் பேரை ஞாபகம் வச்சுக்கங்க, கடைசியில் வருவார். 1772 ஜூன் 25ஆம் தேதி, சுத்திலும் காடாக இருந்த காளையார்கோவிலில் முத்துவடுகநாதர் கொல்லப்பட்டார். சீமை போய்விட்டது. நவாப் சிவகங்கைக்கு உசேன் நகர் என்று பேரையே மாற்றி வைத்தார்.

அந்த நேரத்தில் நாச்சியார் கொல்லங்குடியில் இருந்ததாகச் சொல்வார்கள். தப்பித்துப் போகிறபோது அவர் போன வழியைக் காட்டிக்கொடுக்க மறுத்ததற்காக உடையாள் என்ற பெண்ணை வெட்டிப் போட்டார்கள் என்பது அந்தப் பக்கத்து மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிற கதை. கொல்லங்குடி பக்கம் வெட்டுடையார் காளி கோவிலுக்கு நம்மில் நிறையப் பேர் நேர்த்திக்கடனுக்குப் போயிருப்போம். அந்தக் கோவிலையும் உடையாளையும் சேர்த்துத்தான் அங்கே பேசுவார்கள்.

இப்ப நாச்சியார் நிலைமையைக் கொஞ்சம் யோசிங்க. நாற்பதைத் தாண்டிய வயது. புருஷன் போயாச்சு. கையில் வெள்ளச்சி என்கிற ஒரே மகள். பிறந்த வீட்டுக்குப் போகலாம் என்றால் பிறந்த வீடு மூணு வாரத்துக்கு முன்னாடியே விழுந்துவிட்டது. கூட இருந்தது வயதான பிரதானி தாண்டவராய பிள்ளையும், மருது சகோதரர்களும், கொஞ்சம் ஆட்களும். மேற்கே போய், திண்டுக்கல்லுக்கு அந்தப் பக்கம் விருப்பாட்சியில் தஞ்சம் புகுந்தார்கள். அது ஹைதர் அலியின் செல்வாக்கில் இருந்த பகுதி.

அங்கே இருந்து முதலில் செய்த காரியம் ஒரு கடிதம். 1772 டிசம்பரிலேயே, அதாவது சீமை போய் ஆறு மாதத்துக்குள், தாண்டவராய பிள்ளை நாச்சியார் சார்பாக ஹைதர் அலிக்கு எழுதினார். 5000 குதிரை வீரர்களும் 5000 காலாட்படையும் வேண்டும் என்று தொகை போட்டுக் கேட்டிருக்கிறார். "ஏதாவது பார்த்து உதவி பண்ணுங்க" என்று கேட்கவில்லை. வங்கியில் போய் நாம தொழில் திட்ட அறிக்கை கொடுக்கிறோமே, அந்த மாதிரி, இன்னது இவ்வளவு வேண்டும் என்று. எனக்கு இந்தப் போரில் ரொம்பப் பிடித்த இடம் இதுதான். போஸ்டரில் இந்தக் கடிதத்தை யாரும் போடுவதில்லை.

கேட்ட உடனே கிடைக்கவில்லை. கடிதம் எழுதின தாண்டவராய பிள்ளை கொஞ்ச காலத்தில் இறந்து போனார். படை கிளம்ப எட்டு வருஷம் ஆச்சு. எட்டு வருஷம்! சிறுசேமிப்பு சந்தா போடுகிற இருபது பேரை எட்டு வருஷம் ஒண்ணா உட்கார வைக்கிறது என்ன பாடு என்று இங்கே இருக்கிற ஊக்குநர்களைக் கேளுங்க. அந்தம்மா ஊர் இல்லாமல், வருமானம் இல்லாமல், அடுத்தவர் நிழலில் இருந்துகொண்டு, நம்பி வந்த ஆட்களைக் கலைய விடாமல் வைத்திருந்தார். இதற்குச் சிலை வைக்க முடியாது. குதிரையில் உட்கார வைத்துத்தான் சிலை வைக்க முடியும்.

ஹைதர் தர்மத்துக்கு உதவினார் என்று நினைச்சுக்காதீங்க. அவருக்கும் கம்பெனிக்கும் பகை. 1780 ஜூலையில் அவர் பெரும்படையோடு கர்நாடகச் சீமைக்குள் இறங்கினார். செப்டம்பரில் காஞ்சிபுரம் பக்கத்துப் புள்ளலூரில் கம்பெனியின் ஒரு படைப்பிரிவையே நொறுக்கினார். கம்பெனியின் பார்வை முழுக்க வடக்கே திரும்பியது. அந்தச் சமயத்தில் நாச்சியாரும் மருது சகோதரர்களும் ஹைதரின் படை உதவியோடு சிவகங்கைக்குத் திரும்பி, சீமையை மீட்டார்கள். இது முதல் பெரிய திருப்பம். கம்பெனியோடு மோதி, இழந்த சீமையைத் திரும்பப் பிடித்த அரசி! 1857க்கு எழுபத்தேழு வருஷம் முன்னாடி. இதை நான் பாடம் எடுத்த காலத்தில் பாடப் புத்தகத்தில் தேடினால் ரெண்டு வரி இருக்கும்.

இன்னொன்றும் சொல்லணும். மீட்ட பிறகும் நவாப்போடு ஒரு உடன்பாடு செய்து, கிஸ்தி கட்டுகிற ஏற்பாட்டின் மேல்தான் ஆட்சி நடந்தது. கடன் சங்கிலி அறுபடவில்லை. சினிமாவில் இந்தக் காட்சி வராது.

இப்ப குயிலி. வரும்போதே வாசலில் ஒரு தங்கச்சி பிடித்துக்கொண்டது, "டீச்சர், குயிலி நெஜமா, கதையா?" என்று. கேட்டது நல்லது. சொல்லப்படுவது இது: விஜயதசமி அன்றைக்கு அரண்மனைக்குள் இருக்கிற ராஜராஜேஸ்வரி கோவிலுக்குப் பெண்களை மட்டும் உள்ளே விடுவார்கள். அந்தக் கூட்டத்தோடு குயிலி உள்ளே போனார். உடம்பில் எண்ணெயை ஊற்றித் தீ வைத்துக்கொண்டு வெடிமருந்துக் கிடங்கில் குதித்தார். கம்பெனி எழுதி வைத்த காகிதங்களில் இதற்குச் சாட்சி கிடைக்கவில்லை. வாய்வழியாக வந்த கதை. அதனால் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். காகிதம் எழுதினவன் யார் என்றும் பார்க்கணும், தன் வெடிமருந்துக் கிடங்கை ஒரு பொம்பளை எரித்தாள் என்று எழுத எவனுக்கு மனசு வரும்? அதே சமயம், ஆதாரம் இருப்பதையும் இல்லாததையும் ஒரே தட்டில் வைத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லவும் கூடாது. "இப்படி நம்ம மக்கள் சொல்றாங்க" என்று சேர்த்துச் சொல்லுங்க. சிவகங்கையில் குயிலிக்கு நினைவுச் சின்னம் இருக்கு, போகும்போது பார்க்கப் போறோம். எழுதி வைக்கப்பட்ட சாட்சியோடு இருக்கிற ஒரு பெண்கள் கதையை இன்னும் கொஞ்ச நேரத்தில் சொல்றேன், அதில் பேர்தான் இல்லை.

வேலுநாச்சியார் 1796இல் காலமானார். அதற்கு முன்பே சிவகங்கை அதிகாரம் பிரதானியாக இருந்த சின்ன மருது கையிலும், படையை நடத்திய பெரிய மருது கையிலும் வந்துவிட்டது. இதற்கு நடுவில் 1792இல் ஒரு காரியம் நடந்தது. பாளையக்காரர்களிடம் கப்பம் வசூலிக்கும் உரிமையை நவாப்பிடம் இருந்து கம்பெனி நேராக எடுத்துக்கொண்டது. கடன் கொடுத்தவனே வசூலுக்கு வாசலுக்கு வந்துவிட்டான் என்று வைத்துக்கொள்ளுங்க. கட்டபொம்மன் கதை அங்கேதான் தொடங்குகிறது. அது உங்களுக்குத் தெரியும், சினிமா பார்த்திருக்கீங்க, அதனால் சுருக்கமாகப் போறேன். 1799 செப்டம்பரில் பானர்மேன் பாஞ்சாலங்குறிச்சியைத் தாக்கினார். தப்பிய கட்டபொம்மனைப் புதுக்கோட்டைத் தொண்டைமான் பிடித்துக் கொடுத்தார். அக்டோபர் 16ஆம் தேதி கயத்தாறில் தூக்கு. கோட்டையை இடித்துத் தரைமட்டம் ஆக்கினார்கள். தம்பி ஊமைத்துரையைப் பாளையங்கோட்டைச் சிறையில் போட்டார்கள்.

முடிந்தது என்று கம்பெனி நினைத்தது. 1801 பிப்ரவரி 2ஆம் தேதி ஊமைத்துரை சிறையில் இருந்து தப்பினார். ஒரு வாரம் கழித்துக் கம்பெனிப் படை பாஞ்சாலங்குறிச்சிக்குப் போய்ப் பார்த்தால், இடித்த இடத்தில் கோட்டை மறுபடி நிற்கிறது! மண் கோட்டைதான். ஆனால் ஒரு வாரத்துக்குள் அத்தனை மண்ணை வெட்டி, குழைத்து, சுமந்து ஏற்ற எத்தனை கை வேண்டும்? நூறு நாள் வேலைக்குப் போகிறவர்கள் கணக்குப் போட்டுப் பாருங்க. சுத்துப்பட்டு ஊரே வந்திருந்தால்தான் முடியும்.

மார்ச் 31ஆம் தேதி அந்த மண் கோட்டையைப் பிடிக்க வந்த கம்பெனிப் படை பலத்த சேதத்தோடு திரும்பிப் போனது. அந்தப் படையில் ஜேம்ஸ் வெல்ஷ் என்று ஒரு அதிகாரி இருந்தார். பிற்காலத்தில் 1830இல் தன் அனுபவங்களைப் புத்தகமாக எழுதினார். எதிரிதான், ஆனால் கண்ணால் பார்த்ததை எழுதினவர். ஊமைத்துரைக்குப் பேச்சு வராது. கையில் சின்னச் சின்ன வைக்கோல் துண்டுகளை வெள்ளைக்காரப் படை மாதிரி அடுக்கி வைத்து, மறு கையால் அப்படியே தள்ளி விடுவாராம், வாயால் ஒரு சத்தம் கொடுத்து. அதுதான் தாக்குவதற்கு உத்தரவு. அந்த ஒரு சைகைக்கு ஆயிரக்கணக்கில் ஆட்கள் பாய்ந்தார்கள் என்று வெல்ஷ் எழுதுகிறார். நம்ம குழுவில் எல்லாம் மைக் வைத்துப் பேசியும் பின் வரிசை கேட்கிறதில்லை.

பெரிய பீரங்கிகள் வந்து சேர்ந்த பிறகு, மே 24ஆம் தேதி அக்னியூ தலைமையில் கோட்டையைப் பிடித்தார்கள். ஊமைத்துரை ஆட்களோடு வெளியேறிப் போகும்போது காயம்பட்டு விழுந்தார். நான் சொன்ன கதை இப்பத்தான் வருது. இதையும் எழுதினது வெல்ஷ்தான்.

சண்டை முடிந்த பிறகு பக்கத்து ஊர்ப் பெண்கள், விழுந்து கிடந்தவர்களில் தங்கள் ஆட்களைத் தேடிக்கொண்டு வந்தார்கள். ஒரு தாய், உயிர் போய்க்கொண்டிருந்த தன் மகனைக் கண்டுபிடித்தாள். தூக்கப் போனபோது அந்தப் பையன், என்னை விடு அம்மா, பக்கத்தில் சாமி கிடக்கிறார், அவரைக் காப்பாற்று என்று சொன்னானாம். ஊமைத்துரையை மக்கள் சாமி என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தத் தாய் என்ன செய்தாள்? மகனைப் போட்டுவிட்டு, மற்ற பெண்களோடு சேர்ந்து ஊமைத்துரையைத் தூக்கிக்கொண்டு ஒரு ஊருக்குள் போனாள்.

பின்னாலேயே எட்டயபுரத்து ஆட்கள் தேடிக்கொண்டு வந்துவிட்டார்கள். எட்டயபுரம் கம்பெனி பக்கம். ஒளிய இடம் இல்லை. பெண்கள் துணியை எடுத்து அவரை முழுசாக மூடினார்கள். சுத்தி உட்கார்ந்து ஒப்பாரி வைத்தார்கள். வந்தவர்கள் என்ன என்று கேட்டபோது, அம்மை போட்டு இறந்துவிட்டான் என்றார்கள். அவ்வளவுதான். வந்தவன் எல்லாம் ஓடிப் போய்விட்டான்.

அக்கா, நான் இந்த இடத்தை வகுப்பில் எத்தனை தரம் சொல்லியிருப்பேன், இன்னும் எனக்குத் தொண்டை அடைக்கும். இங்கே எந்தப் பெண்ணும் ஆயுதம் எடுக்கவில்லை. ஒப்பாரியும் அம்மையும்தான் அவர்கள் கையில் இருந்தது. அம்மை வீட்டுக்குள் எவனும் கால் வைக்க மாட்டான் என்பது நம்ம எல்லாருக்கும் தெரியுமே, அந்த அறிவுதான். அன்றைக்கு மகனைப் பறிகொடுத்த அந்தத் தாய் அழுதது நடிப்பாகவா இருந்திருக்கும்? அவள் அழ வேண்டிய அழுகையை அங்கே அழுதிருக்கிறாள். அவள் பேர் வெல்ஷ் புத்தகத்தில் இல்லை. ஊர்க்காரனுக்கு ஒருவேளை தெரிந்திருக்கும், நமக்கு வந்து சேரவில்லை. தீர்மான நோட்டில் வந்திருந்தவர் பேரை "மற்றும் பலர்" என்று எழுதுகிற பிரதிநிதிகளுக்காக இதைச் சொல்லி வைக்கிறேன்.

அந்தப் பெண்கள் காப்பாற்றி விட்ட ஊமைத்துரை சிவகங்கைச் சீமைக்குப் போனார். சிறுவயலில் சின்ன மருது அவரை ஏற்றுக்கொண்டார். கம்பெனி ஒப்படைக்கச் சொல்லியும் கொடுக்கவில்லை. இது ரெண்டாவது பெரிய திருப்பம். அதுவரை அவரவர் பாளையத்துக்கு அவரவர் சண்டை போட்டார்கள். இப்போது திருநெல்வேலிப் பக்கமும் சிவகங்கையும் திண்டுக்கல் பக்கமும் ஒரே போராக ஆனது. நாச்சியாருக்கு இடம் கொடுத்த விருப்பாட்சியின் கோபால நாயக்கரும் இந்தக் கூட்டணியில் நின்றார். அவரையும் அதே வருஷம் தூக்கில் போட்டார்கள்.

ஜூன் 16ஆம் தேதி திருச்சிராப்பள்ளிக் கோட்டைச் சுவரிலும் ஸ்ரீரங்கம் கோவில் சுவரிலும் ஒரு அறிக்கை ஒட்டியிருந்தது. மருது பாண்டியன் பேரில். நவாப் முட்டாள்தனமாக அந்நியனை உள்ளே விட்டான், அவன் உங்களை நாய் மாதிரி நடத்துகிறான், உங்களுக்குள் ஒற்றுமை இல்லாததால் இந்த நிலைமை என்கிற சாரத்தில் போகிறது. எந்த ஒரு சாதிக்கும் அது எழுதப்படவில்லை. எல்லாச் சாதிக்காரர்களையும் முஸ்லிம்களையும் கூப்பிட்டது. கம்பெனிப் படையில் சிப்பாயாக இருந்தவர்களையும் கூப்பிட்டது. இன்னொரு விசேஷம், இதைப் படிக்கிறவர்கள் பிரதி எடுத்து மற்றவர்களுக்கு அனுப்பணும், அனுப்பாதவனுக்கு இன்ன பாவம் சேரும், சுவரில் இருந்து கிழிக்கிறவனுக்கு இன்ன பாவம் சேரும் என்று எழுதியிருந்தது. சிரிக்காதீங்க! வாட்ஸ்அப்பில் "பத்துப் பேருக்கு அனுப்பு, இல்லாட்டி கெட்டது நடக்கும்" என்று வருமே, அதேதான். அச்சு இயந்திரம் கையில் இல்லாதவன் வேற எப்படிச் செய்தியைப் பரப்புவான்?

ஜூலை கடைசியில் அக்னியூ படையோடு சிறுவயலுக்கு வந்தார். எதிரிக்கு ஒரு கூரைகூட மிஞ்சக் கூடாது என்று, அவர் வருவதற்குள் சொந்த ஊரைத் தங்கள் கையாலேயே கொளுத்திவிட்டுக் காட்டுக்குள் போய்விட்டார்கள். சிறுவயலுக்கும் காளையார்கோவிலுக்கும் நடுவே அடர்ந்த காடு. கம்பெனி மரத்தை வெட்டிப் பாதை போடப் பார்த்தது. ஆகஸ்ட் மாதம் முழுக்க வெட்டினார்கள். வெட்டுகிற ஆட்கள் மேல் ரெண்டு பக்கக் காட்டில் இருந்தும் ஈட்டியும் வளரியும் வந்து விழுந்துகொண்டே இருந்தன. செப்டம்பர் தொடக்கத்தில் முடியாது என்று விட்டுவிட்டுப் பின்வாங்கினார்கள். பீரங்கி வைத்திருந்த படையை ஒரு மாதம் காடு தடுத்து நிறுத்தியது.

அப்புறம் எப்படித் தோற்றார்கள்?

செப்டம்பர் 12ஆம் தேதி, சோழபுரத்தில், கம்பெனி ஒரு பட்டாபிஷேகம் நடத்தியது. படமாத்தூர் கௌரிவல்லபரை, இவர்தான் சிவகங்கைக்கு உண்மையான வாரிசு என்று அறிவித்து உட்கார வைத்தது. அரச குடும்பத்து உறவுதான் அவர். உரிமை இருந்ததா என்றால், அவர் தரப்பில் நியாயமும் இருந்திருக்கலாம். மருது சகோதரர்கள் அரச வம்சம் கிடையாது, அந்த மனத்தாங்கல் சீமைக்குள் முன்னமே இருந்தது. கம்பெனி அந்த விரிசலில் கையை விட்டது. ஆயுதத்தைப் போட்டுவிட்டுப் புது ராஜாவிடம் வருகிறவர்களுக்கு மன்னிப்பு என்று சொன்னது. ஒரு மாதம் மரம் வெட்டிப் போட முடியாத பாதையை ஒரு நாள் விழாவில் போட்டுவிட்டார்கள். ஆட்கள் கொஞ்சம் கொஞ்சமாக அந்தப் பக்கம் போனார்கள். புதுக்கோட்டையும் எட்டயபுரமும் ஏற்கனவே அங்கே. என் கணக்கில் இந்தப் போரின் உண்மையான தோல்வி நாள் இந்த செப்டம்பர் 12தான். எந்தச் சண்டையும் நடக்காத நாள்.

மதியம் பொதுக்குழுவில் ரெண்டு குழுக்களின் விலகல் கடிதம் வரப்போகிறது என்று தெரியும். வீட்டு வாசலுக்கே வந்து, ஒரு ஆதார் கார்டும் ஒரு கையெழுத்தும் போதும் என்று கடன் கொடுக்கிற தனியார் கம்பெனி பக்கம் போகிறார்கள் என்றும் காதில் விழுந்தது. நான் யாரையும் மனசில் வைத்துச் சொல்லவில்லை. சரி, கொஞ்சம் வைத்துத்தான் சொல்றேன். அந்த ரெண்டு குழுவுக்கும் மனத்தாங்கல் இருந்தால், நேரத்துக்கு உள்கடன் கிடைக்கவில்லை, பெரிய குழுக்களே எல்லாத்தையும் எடுத்துக்கிறாங்க என்று இருந்தால், அதை மதியம் உட்கார்ந்து கேளுங்க. திட்டி அனுப்பாதீங்க. விரிசல் நம்ம பக்கம் இருந்தால்தான் அடுத்தவன் கை நுழையும். அந்த ரெண்டு குழுத் தங்கச்சிகளும், வட்டி வாரத்துக்கா, மாசத்துக்கா, ஒரு தவணை தவறினால் யார் வீட்டில் வந்து உட்காருவான் என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்க. இதற்கு மேல் நான் தலையிட மாட்டேன், அது உங்க கூட்டம்.

அக்டோபர் 1ஆம் தேதி கம்பெனிப் படை பல திசையில் இருந்து காளையார்கோவிலுக்குள் நுழைந்தது. அங்கே நிற்கிற பெரிய கோபுரம் மருது சகோதரர்கள் கட்டியது. மானாமதுரையில் சுட்ட செங்கலை அங்கே இருந்து காளையார்கோவில் வரைக்கும் ஆட்கள் வரிசையாக நின்று கைமாற்றியே கொண்டுவந்தார்கள் என்று சொல்வார்கள். சரணடையாவிட்டால் அந்தக் கோபுரத்தை இடிப்போம் என்று மிரட்டியதால்தான் மருது சகோதரர்கள் வெளியே வந்தார்கள் என்பதும் மக்கள் சொல்வது. கம்பெனிக் கணக்குப்படி காட்டில் பிடிபட்டார்கள். 1801 அக்டோபர் 24ஆம் தேதி திருப்பத்தூரில் ரெண்டு பேரையும் தூக்கிலிட்டார்கள். நவம்பர் 16ஆம் தேதி பாஞ்சாலங்குறிச்சியில் ஊமைத்துரை. ஒரு தாய் மகனை விட்டுவிட்டுத் தூக்கி வந்த உயிர் ஆறு மாதம் இருந்தது. அந்த ஆறு மாதத்தில்தான் அறிக்கையும், சிறுவயலும், காட்டுப் போரும் எல்லாம்.

கடன் வாங்கின நவாப் குடும்பம் என்ன ஆச்சு என்று கேட்கணுமே! 1772இல் படையோடு வந்த உம்தத் உல் உமராதான் பிறகு நவாப் ஆனார். அவர் 1801 ஜூலையில் இறந்தார். அதே மாதம் 31ஆம் தேதி, அடுத்து வந்தவரிடம் கையெழுத்து வாங்கிக் கர்நாடகச் சீமை முழுவதையும் கம்பெனி எடுத்துக்கொண்டது. நவாப் என்ற பேரும் ஒரு உபகாரச் சம்பளமும் மிச்சம். காளையார்கோவில் காட்டில் மரம் வெட்டிக்கொண்டிருந்த அதே நாட்களில் மெட்ராசில் கடன்காரன் வீட்டையே எழுதி வாங்கிவிட்டான். ரெண்டு வருஷத்தில், 1803இல், பாளையங்கள் எல்லாம் ஜமீன் ஆகி, கம்பெனிக்கு நிரந்தரமாக ஒரு தொகை கட்டுகிற ஏற்பாட்டுக்கு வந்தன.

பிடிபட்டவர்களில் எழுபதுக்கும் மேற்பட்டவர்களை 1802 பிப்ரவரியில் கப்பலேற்றிப் பினாங்குக்கு அனுப்பினார்கள். அதில் ஒருத்தன் சின்ன மருதுவின் மகன் துரைசாமி. பதினைந்து வயசு இருக்கும், நம்ம பிள்ளைகள் பத்தாவது பரீட்சை எழுதுகிற வயசு. வெல்ஷுக்கு அந்தக் குடும்பத்தைப் போருக்கு முன்பே தெரியும். ஈட்டி எறியவும் வளரி வீசவும் தனக்கு முதலில் சொல்லிக் கொடுத்ததே சின்ன மருதுதான் என்று அவரே எழுதியிருக்கிறார். 1818இல் வேலையாகப் பினாங்குக்குப் போனபோது வெல்ஷ் துரைசாமியைப் பார்த்தார். முப்பதைத் தாண்டியிருப்பான், அவ்வளவுதான். ஆனால் அடையாளமே தெரியாத அளவுக்கு உருக்குலைந்து கிழவன் போல இருந்தான் என்று எழுதுகிறார்.

சாப்பாட்டு மணி அடிச்சாச்சு, பொருளாளர் கடிகாரத்தைக் காட்டுறாங்க. காளையார்கோவிலில் பஸ் ஒரு மணி நேரம் நிற்கும், கேள்வி இருந்தால் அங்கே வைத்துக் கேளுங்க. சுற்றுலாவுக்குப் பேர் கொடுக்காதவர்கள் இன்றைக்கு ராத்திரிக்குள் உங்க ஊக்குநரிடம் கொடுத்திடுங்க, நாற்பத்தெட்டு சீட்டுதான் இருக்கு.